இடது பக்கத்துச் சத்தம்

அந்த மில் எஞ்சினியர் வெளிநாட்டில் இறந்துபோனார் என்ற செய்தி வந்தபோது நான் பஸ் பட்டறையில் ஒரு கியர் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். செய்தி சொன்னவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வேலையை நிறுத்தவில்லை. பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. இப்போது இதை எழுதும்போதும் வரவில்லை.

அதற்குப் பல வருடங்களுக்கு முன், எங்கள் தீவில் ரிவியேர் தே ஸாங்கீய் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு சர்க்கரை மில்லில் நான் ஃபிட்டராக இருந்தேன். வேலைநிறுத்தங்களும் துப்பாக்கிச் சூடும் எங்கள் அப்பா காலத்துப் பேச்சாகிவிட்டிருந்தன. சங்கம் என்று ஒன்று வந்திருந்தது. சந்தா கட்டினோம், கூட்டத்துக்குப் போனோம். ஆனாலும் மில் வாசலைத் தாண்டிவிட்டால் எஞ்சினியர் சொன்னதுதான் சட்டம். அவர் தீவிலேயே பிறந்த வெள்ளைக்காரர். எங்களிடம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பேசுவார். எங்களுக்குத் தெரியக்கூடாதது என்று நினைத்தால் பிரெஞ்சுக்கு மாறுவார். பள்ளிக்கூடத்தில் எங்களை அடித்து அடித்துக் கற்றுக்கொடுத்ததே பிரெஞ்சுதான் என்பது அவருக்கு ஞாபகமே வராது.

வயல்களிலிருந்து கரும்பை இழுத்துவர மில்லுக்குச் சொந்தமாக மூன்று சின்ன நீராவி எஞ்சின்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எஞ்சின் ஷெட்டுக்குள் வரும்போதே எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே எண்ணெய் இல்லை என்று காதாலேயே சொல்லிவிடுவேன். இதில் பெருமை ஒன்றும் இல்லை. பத்து வருடம் அதே மூன்று எஞ்சின்களோடு இருந்தால் யாருக்கும் வரும். அக்கா புருஷன் அவற்றில் மூத்த எஞ்சினில் நெருப்புப் போடுகிறவராக இருந்தார். மில் கொடுத்த வரிசை வீடுகளில் என் வீட்டுக்கு நாலாவது வீடு அவர்களுடையது.

அந்த மூத்த எஞ்சினில்தான் சத்தம் வந்தது. கரும்பு வெட்டு தொடங்கி ஒரு மாதம் இருக்கும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு 'டொக்'. இடது பக்கம், பின் சக்கரம். நீராவியை மூடிவிட்டு இறக்கத்தில் உருண்டு வரும்போது நன்றாகக் கேட்கும். சக்கரங்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டும் நீளமான இரும்புத் தண்டு ஒன்று உண்டு, நாங்கள் 'பியெல்' என்போம். அது சக்கரத்தில் மாட்டியிருக்கும் முளையில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று எனக்குப் பட்டது. வெறும் தேய்மானம் என்றால் சத்தம் மந்தமாக இருக்கும். இது கூர்மையாக இருந்தது. விரிசல் என்று நினைத்தேன்.

எஞ்சினை வேலையிலிருந்து எடுக்க எஞ்சினியர் உத்தரவு வேண்டும். எழுதிக் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை, எல்லாம் வாய்ச்சொல்தான். ஃபோர்மனைக் கூட்டிக்கொண்டு போய் எஞ்சினியரிடம் ஒரு தடவை சொன்னேன். பார்க்கலாம் என்றார். நாலு நாள் கழித்து மறுபடி சொன்னேன். வெட்டு நேரத்தில் எஞ்சினை நிறுத்தினால் கரும்பை உன் தலையில் சுமந்து வருவாயா என்று கேட்டார். மூன்றாவது தடவை நான் நின்ற இடத்தை விட்டு நகராததால் ஷெட்டுக்கு வந்தார். எஞ்சின் நெருப்பு அணைந்து நின்றுகொண்டிருந்தது. அவர் பியெல்லைக் கையால் பிடித்து ஆட்டினார். அது அசையவில்லை. நின்ற எஞ்சினில் எப்படி அசையும்? ஓட்டிப் பாருங்கள் மிஸ்யே, கூடவே நடந்து கேளுங்கள் என்று சொன்னேன். அவர் கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஃபோர்மனைப் பார்த்து பிரெஞ்சில், "இந்த ஆட்களுக்கு எதுவும் கேட்கும். கோயில் மேளம் காதிலேயே தங்கிவிடுகிறது" என்றார். ஃபோர்மன் சிரித்தார். எனக்குப் புரிந்தது என்று காட்டிக்கொள்ளாமல் நின்றேன்.

ஒன்பது நாள் கழித்து, காலையில், பாரத்தோடு மேட்டில் ஏறும்போது முளை முறிந்தது. ஒரு பக்கம் கழன்ற பியெல், சக்கரம் சுற்றச் சுற்ற மேலே எழும்பி அடித்தது. சின்ன எஞ்சின், ஆட்கள் நிற்கும் இடத்தின் பக்கவாட்டுத் தகடு மெல்லியது. அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்து அத்தானின் காலில் விழுந்தது. இடது கால். ஆஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரணை நடந்தது. இன்ஸ்பெக்டர் ஒருவர் காரில் வந்தார். மில் அலுவலகத்துக்குள் எஞ்சினியர், ஃபோர்மன், எஞ்சின் ஓட்டியவர் மூன்று பேரும் போனார்கள். என்னைக் கூப்பிடுவார்கள் என்று வெளியே பாதாம் மரத்தடியில் காலையிலிருந்து மத்தியானம் வரை நின்றேன். கூப்பிடவில்லை. நானே கதவைத் தட்டிப் போயிருக்கலாம். போகவில்லை. வீடு மில்லுடையது, வேலை மில்லுடையது, அம்மா படுக்கையில். இந்தக் காரணங்கள் எல்லாம் உண்மைதான். இருந்தாலும் நான் போகவில்லை என்பதும் உண்மை. எஞ்சினில் சத்தம் இருப்பதாக யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்று எஞ்சினியர் உள்ளே சொன்னது பிறகு தெரிந்தது. ஃபோர்மன் வாயைத் திறக்கவில்லை. நெருப்புப் போடுகிறவர் விதிக்கு விரோதமாகக் காலை வெளியே படியில் வைத்துக்கொண்டு நின்றார், அதனால் அடிபட்டது என்று எழுதி முடித்தார்கள். கால் உள்ளேதான் இருந்தது என்று காட்டியிருக்கக்கூடிய கிழிந்த தகட்டை அதற்குள் மாற்றிவிட்டிருந்தார்கள். மாற்றச் சொன்னது எஞ்சினியர். மாற்றியது நான்.

அதற்கு அடுத்த வருடம், வெட்டு முடிந்து மில்லில் பழுது பார்க்கும் மாதங்களில், ஒரு வெள்ளிக்கிழமை ஃபோர்மன் என்னிடம் வந்தார். எஞ்சினியர் மறுநாள் மத்தியானம் தன் வீட்டுக்கு வரச் சொல்கிறார், சின்னச் சின்னத் திருப்புளிகளாக எடுத்துக்கொண்டு போ என்றார். என்ன வேலை என்று கேட்டேன். அவருக்கே சொல்ல வெட்கமாக இருந்தது போல. "ஒரு ரயில்" என்று மட்டும் சொன்னார்.

மில் மேட்டில் பெரிய வீடு. வராந்தா முழுக்க ஒரு நீள மேசை. மேசைமேல் தண்டவாளம், வளைவு, சின்ன ஸ்டேஷன், பச்சைச் சாயம் பூசிய மரத்தூளில் புல். ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஓர் இங்கிலீஷ் பட்டாளத்து அதிகாரியிடமிருந்து எஞ்சினியர் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கியிருந்தார். நடுவில் என் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பச்சை எஞ்சின், கரண்டில் ஓடுவது. ஒரு பக்கத்துக்கு மூன்று சக்கரம், மூன்றையும் சேர்த்து ஊசி மாதிரி ஒரு பியெல். நான் அதைப் பொம்மை என்றேன். பொம்மை இல்லை, மாதிரி என்று திருத்தினார்.

"சத்தம் போடுது. வாங்கும்போது இல்ல. இப்ப மூணு விதமா போடுது. உனக்குக் காது நல்லா கேக்கும்னு சொன்னாங்க" என்றார்.

இதை அவர் சாதாரணமாகச் சொன்னார். குத்தலாக இல்லை. அவருக்கு எதுவுமே ஞாபகம் இல்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. அந்த நிமிடமே திரும்பி நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. அவர் மனைவி வராந்தாக் கோடியில் நாற்காலியில் உட்கார்ந்து துணியில் பூ தைத்துக்கொண்டிருந்தார். நான் வந்ததற்குத் தலையை லேசாக அசைத்தார், அவ்வளவுதான்.

ஓட்டுங்கள் என்றேன். எஞ்சினியர் குமிழைத் திருகினார். ஓடியது. மெதுவாக ஓட்டச் சொன்னேன். நிறுத்தி, பின்பக்கமாக ஓட்டச் சொன்னேன். சொன்னதை எல்லாம் செய்தார். கூடவே மேசையைச் சுற்றி நடந்து குனிந்து கேட்டார். ஆமாம், நடந்தார். ஓடுகிற எஞ்சினோடு கூடவே நடந்தார்.

முதல் சத்தம் கீச்சென்று. கிளம்பும்போது வரும், இரண்டு சுற்று ஓடி மோட்டார் சூடானதும் குறைந்துவிடும். திருப்புளியின் முனையை மோட்டார்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். மோட்டார் தண்டு சுழலும் துளையில் எண்ணெய் காய்ந்துபோயிருந்தது. தையல் மெஷின் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் மனைவி எழுந்துபோய்க் கொண்டுவந்தார். ஊசி முனையில் ஒரு சொட்டு. கீச்சு நின்றது.

இரண்டாவது ஓர் உறுமல். முன்னே போகும்போது மட்டும் வரும், பின்னே போனால் இல்லை. திசைக்குத் திசை மாறுகிற சத்தம் என்றால் ஏதோ ஒன்று முன்னும் பின்னும் நகர்கிறது என்று அர்த்தம். மேல் ஓட்டைக் கழற்றினேன். மோட்டார் தண்டின் திருகுப் பல், சக்கர அச்சில் இருக்கும் பல்லைத் தள்ளும்போது, தண்டே முன்பக்கம் நகர்ந்து சட்டத்தில் உரசியது. அங்கே இருக்க வேண்டிய ஒரு மெல்லிய வளையத்தைக் காணோம். யாரோ முன்னால் பிரித்துப் பார்த்துவிட்டு வளையத்தைத் தொலைத்து, சொல்லாமல் மூடி விற்றிருக்கிறார்கள். தகர டப்பாவிலிருந்து ஒன்று வெட்டிப் போட்டேன். உறுமல் போயிற்று.

மூன்றாவதுதான் 'டிக்'. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒன்று.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஒரு மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். அத்தானை மறந்தேன். அவர் கட்டைக்காலை ஊன்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போகும் சத்தத்தைத் தினமும் கேட்கிறவன் நான், அதையும் மறந்தேன். வேலை அப்படி இழுத்துக்கொண்டது. எஞ்சினியர்மேல் எனக்குள்ள கோபம் எவ்வளவு இருக்கிறதோ, அதில் பாதி அந்த ஒரு மணி நேரத்துக்காக என்மேலேயே இருக்கிறது.

இரண்டு பக்கத்துப் பியெல்லையும் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னேன். 'டிக்' இல்லை. வலது பக்கத்தை மட்டும் மாட்டினேன், இல்லை. இடது பக்கத்தை மட்டும் மாட்டினேன், அப்போதும் இல்லை. இரண்டையும் மாட்டினால் வந்தது. அப்படியென்றால் ஒரு பக்கத்துச் சக்கரமும் மறுபக்கத்துச் சக்கரமும் ஒத்துப்போகவில்லை. ஏதோ ஒன்று அச்சின்மேல் நழுவியிருக்கிறது. பென்சிலைக் கூர்மையாகச் சீவி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் அச்சின் நுனியையும் சக்கரத்தையும் சேர்த்து ஒரு கோடு போட்டேன். பத்துச் சுற்று ஓட்டச் சொன்னேன். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஐந்து சக்கரத்தில் கோடு நேராக இருந்தது. ஒன்றில் மட்டும் கோடு முடியளவு விலகியிருந்தது. இடது பக்கம், பின் சக்கரம்.

எஞ்சினியரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, அடடே என்று வியந்தார். என் தோளில் தட்டினார்.

இப்படியே ஓட்டினால் ஒரு நாள் பியெல் முறியும் என்று சொன்னேன்.

அவர் சிரித்தார். "நல்லவேளை, இதுல ஆள் யாரும் ஏறுறதில்ல" என்றார்.

"அதுல ஆள் இருந்தாரு, மிஸ்யே" என்றேன்.

எதில் என்று கேட்டார். உண்மையாகவே புரியாமல் கேட்டார். நான் எஞ்சினை மேசைமேல் வைத்தேன். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். மூன்று தடவை உங்களிடம் வந்து சொன்னேன், இடது பக்கம், பின் சக்கரம் என்று சொன்னேன். நீங்கள் நின்ற எஞ்சினில் கை வைத்துப் பார்த்தீர்கள். இதற்கு மேசையைச் சுற்றி எத்தனை தடவை நடந்தீர்கள், அதற்கு ஷெட்டிலிருந்து பத்தடி நடக்கவில்லை. என் காதில் கோயில் மேளம் தங்கிவிட்டது என்று சொன்னீர்கள். எனக்குப் பிரெஞ்சு தெரியும்.

எஞ்சினியர் முகம் சிவந்தது. "என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல. அது விசாரிச்சு முடிஞ்சுபோன விஷயம்" என்றார்.

அப்போது அவர் மனைவி, கையிலிருந்த துணியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், பிரெஞ்சில் பேசினார்.

"சொன்னீங்களே. சாப்பாட்டு மேசையில. எஞ்சினுக்குள்ள சத்தம் கேக்குற ஆள் ஒருத்தன் மில்லுல இருக்கான்னு சொல்லிச் சிரிச்சீங்க. விபத்துக்கு முந்தின வாரம்."

எஞ்சினியர் மெதுவாகத் திரும்பி, உள்ளே போ என்று மனைவியிடம் சொன்னார். அவர் போகவில்லை, ஊசியில் நூலைக் கோத்தார். நான் அவரைப் பார்த்து, மாதாம், இதை இன்ஸ்பெக்டரிடம் சொல்வீர்களா என்று கேட்டேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. பாதாம் மரத்தடியில் வராதது ஒரு வருடம் தாமதமாக வந்தது. அவர் தைப்பதைத் தொடர்ந்தார். எஞ்சினியர் என்னிடம், அதை மாட்டிவிட்டு வெளியே போ என்றார். திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே வைத்திருக்கிறேன், நீங்களே மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு என் திருப்புளிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை என்னை எஞ்சின் ஷெட்டிலிருந்து எடுத்து, கொதிகலனுக்குள் நுழைந்து உப்புச் சுரண்டும் வேலைக்கு மாற்றினார்கள். ஃபோர்மன் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். உங்களுக்கும் காது இருந்ததே, மூன்று தடவையும் பக்கத்தில்தானே நின்றீர்கள் என்று கேட்டேன். தனக்கு ஐந்து பெண்கள் என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை. நானும் அதே மாதிரிக் காரணங்களோடு மரத்தடியில் நின்றவன் என்பதால் அதற்குமேல் அவரை ஒன்றும் கேட்க முடியவில்லை.

வரிசை வீடுகளில் எந்தச் செய்தியும் ஒரு நாள் தங்காது. அன்று சாயங்காலமே அக்கா என் வீட்டு வாசலில் நின்றாள்.

"அவன் வீட்டுக்குப் போயி வெளையாட்டுச் சாமான் ரிப்பேர் பண்ணியா?"

போன காரணத்தையும் நடந்ததையும் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. எத்தனை நேரம் அங்கே இருந்தாய் என்று மட்டும் கேட்டாள். ஒரு மணி நேரம் என்றேன். அத்தானுக்குக் காலை எடுத்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீ அரை மணி நேரம்கூட இருக்கவில்லை, வேலை இருக்கிறது என்று போய்விட்டாய் என்றாள். அவள் சொன்னது சரி. அந்தக் கிழிந்த தகட்டை மாற்றத்தான் அன்றைக்குப் போனேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. அத்தான் பேசினார், ஆனால் வேறு எதையாவது, மழை, கோயில் கொடியேற்றம் என்று. அது இன்னும் மோசமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து, பெரிய வீட்டில் துணி துவைக்கும் பெண் மடித்த துணிகளுக்கு நடுவில் ஓர் உறை கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே நீலக் காகிதத்தில் நாலு வரி பிரெஞ்சு. மில் ஃபிட்டர் ஒருவர் எஞ்சினில் சத்தம் வருவதாகச் சொன்னார் என்றும், தான் போய்ப் பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை என்றும் விபத்துக்கு முந்தைய வாரம் தன் கணவர் தன்னிடம் கூறினார் என்று எழுதியிருந்தது. கீழே எஞ்சினியர் மனைவியின் கையெழுத்து. நான் அதைக் கொதிகலன் ஓரத்தில், கரிக் கையோடு, பத்துத் தடவையாவது படித்திருப்பேன்.

சங்கத்தில் ஓர் உபாத்தியாயர் இருந்தார், பள்ளி விட்டதும் சைக்கிளில் மில் மில்லாகச் சுற்றுகிறவர். அவரிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் தன் கையாலேயே பிரதி எடுத்துக்கொண்டு, அசலை என்னிடமே பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். இன்ஸ்பெக்டரிடம் போனார், திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனார். மில் நிர்வாகத்தோடு பேச்சு நடந்தது, எனக்குத் தெரிந்ததும் தெரியாததும். ஆறு மாதம் இழுத்து, கடைசியில் விசாரணை அறிக்கையில் 'விதிக்கு விரோதமாக' என்ற வரியை அடித்துவிட்டார்கள். அத்தானுக்குக் கரும்பு எடை மேடையில் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கும் வேலை கிடைத்தது. எஞ்சினியருக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் அவரைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை. முறிந்த முளைக்குப் புதியது போட்டு அதே எஞ்சின், லாரிகள் வந்து தண்டவாளத்தைப் பிடுங்கும்வரை ஓடியது. எஞ்சினியர், தீவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின வருடம் வீட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு கப்பலேறினார். அதற்கு வெகுகாலம் முன்பே நான் மில்லையும் மில் வீட்டையும் விட்டு பஸ் பட்டறைக்குப் போயிருந்தேன்.

அத்தானை எடை மேடை வேலைக்கு வரச் சொல்லி மில்லிலிருந்து ஆள் வந்த அன்றைக்கு அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு அவள் வீட்டுக்குள் போனேன். அத்தான் கட்டிலில் உட்கார்ந்து கட்டைக்காலுக்கு வார் மாட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாயா, படி என்றாள். பிரெஞ்சு வரிகளை ஒவ்வொன்றாக கிரியோலில் சொன்னேன். சொல்லி முடித்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"இவர் பேரு எங்க வருது?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"காலப் பத்தி?"

நான் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்தில் ஏதாவது இருக்கும் என்பது போல. சத்தம் இருந்தது, எஞ்சின் இருந்தது, நாள் இருந்தது, கணவர் இருந்தார், நான்கூட இருந்தேன். அத்தான் இல்லை. அத்தனை தடவை படித்தும் எனக்கு அது கண்ணில் படவில்லை. அக்கா என் கையிலிருந்து அதை வாங்கி நாலாக மடித்து அலமாரித் தட்டில் வைத்தாள். அத்தான் வாரை இழுத்துக் கட்டிவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள் என்று அவளிடம் கேட்டார். அவள் சோற்றுப் பானையை இறக்கப் போனாள். ஏழு மணிக்கு என்று நான் சொன்னேன்.